வாசகர் கேள்வி பதில்: லங்காஸ்டர் வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்

சென்ற இதழில் நம் அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, அமெரிக்க அரசமைப்பின் 14-ஆவது திருத்தத்துக்காகப் போராடியவர்களுள் பென்சில்வேனியாவைச் சேர்ந்த தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற வழக்கறிஞரும் ஒருவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களை மேசையில் அடுக்கிப் பார்த்தபோது, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கேள்வி: யார் இந்த ஸ்டீவன்ஸ்? லிங்கனைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியாமல் போனது ஏன்? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: 1792 ஏப்ரல் 4 அன்று வெர்மாண்ட் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்ததால் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார். குடிப்பழக்கமும் கடனும் இருந்த தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, நான்கு ஆண்பிள்ளைகளை வளர்க்கும் பாரம் தாய் சாராவின் தலையில் விழுந்தது. இந்தப் பிள்ளையால் ஏர் பிடிக்க முடியாது, ஆகவே படிக்க வைத்தே தீர வேண்டும் என்று அந்த அம்மாள் தீர்மானித்து, நல்ல பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். டார்ட்மத் கல்லூரியில் 1814-இல் பட்டம் பெற்ற மகன், மறு ஆண்டு பென்சில்வேனியாவின் யார்க் நகரத்துக்கு வந்து, பகலில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். வேறு தொழில் செய்துகொண்டே படித்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று யார்க் வழக்கறிஞர்கள் விதி வைத்திருந்தார்கள். அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, குதிரையேறி எல்லையைக் கடந்து மேரிலாந்தின் பெல் ஏர் என்ற ஊருக்குப் போனார். தேர்வு நடத்திய பெரியவர்களுக்கு மதெய்ரா மது வாங்கிக் கொடுத்து, ஒப்புக்குக் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மறுநாள் காலை சான்றிதழோடு திரும்பினார். 1816-இல் கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கி, 1842-இல் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். மாநிலச் சட்டமன்றத்தில் சில தவணைகள் இருந்தவர், வாஷிங்டனிலுள்ள பிரதிநிதிகள் சபையில் 1849 முதல் 1853 வரையிலும், பிறகு 1859 முதல் 1868-இல் இறக்கும் வரையிலும் அமர்ந்தார். வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர்க்காலத்தில் சபையின் நிதி வழிவகைக் குழுவுக்குத் தலைவராக இருந்து, போருக்கு வேண்டிய வரிகளையும், 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலருக்கு முதன்முதலாக அச்சிடப்பட்ட ‘கிரீன்பேக்’ காகிதப் பணத்தையும் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தவர் அவரே.

நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. போருக்குப் பிந்தைய காலத்தை எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர்கள், ஏறத்தாழ 1950-கள் வரைக்கும், அவரைத் தோற்றுப்போன தென்மாநிலங்கள் மீது வஞ்சம் தீர்த்த கிழவனாகவே காட்டி வந்தார்கள். நம் பாடநூல்கள் அந்த வரலாற்றிலிருந்தே சுருக்கி எழுதப்பட்டவை.

கேள்வி: அடிமை முறையை எதிர்த்தவர் என்று எழுதினீர்கள். ஆனால் ஓர் அடிமைப் பெண்ணை எசமானிடம் திருப்பி ஒப்படைக்க வாதாடியவரும் இவர்தான் என்று எங்கோ படித்தேன். எது உண்மை? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இரண்டும் உண்மை. வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான்.

பென்சில்வேனியா 1780-ஆம் ஆண்டிலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றிய மாநிலம். வெளி மாநிலத்து எசமான் தன் அடிமையை அங்கே கொண்டு வந்து ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அந்த அடிமை சுதந்திரம் பெற்றுவிடுவார். மேரிலாந்தில் அடிமையாயிருந்த சாரிட்டி பட்லர் என்ற பெண் அந்த எல்லையைக் கடந்து சில முறை கொண்டுவரப்பட்டிருந்தார். அங்கே தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதங்களுக்கு மேல் ஆகிறது, ஆகவே நானும் என் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்பது அவருடைய வழக்கு. எதிர்த்தரப்பில் நின்ற ஸ்டீவன்ஸ், சட்டம் சொல்லும் ஆறு மாதங்கள் இடைவிடாத ஆறு மாதங்களே, விட்டுவிட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டிக் கணக்குப் பார்க்க முடியாது என்று வாதாடினார். 1821-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்றது. வழக்கறிஞர் வென்றார், சாரிட்டி பட்லரும் அவர் பிள்ளைகளும் அடிமைத்தளைக்குள் திரும்பிப் போனார்கள்.

தொழில் தர்மம், கட்சிக்காரருக்காக வாதாடினார் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. முப்பது வயதைத் தொடப்போகிற ஒரு வழக்கறிஞர், எழுதாத ஒரு சொல்லைச் சட்டத்துக்குள் வைத்துப் படித்து ஒரு குடும்பத்தின் விதியை மாற்றியிருக்கிறார். இந்த வழக்குத்தான் அவர் மனத்தைத் திருப்பியது என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சிலர் ஊகிக்கிறார்கள். அவரே அப்படிச் சொன்னதில்லை. 1823-ஆம் ஆண்டு சுதந்திர தின விருந்தில் மட்டும், அடுத்துவரும் குடியரசுத் தலைவர் மனிதன் ஒருவனுக்கு விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று கூறிக் கோப்பையை உயர்த்தினார். அதன் பின் அடிமை எசமான்களின் வழக்கறிஞராக அவரை எவரும் பார்க்கவில்லை. 1837-38-இல் பென்சில்வேனியாவின் மாநில அரசமைப்பைத் திருத்த மாநாடு கூடியபோது, வாக்குரிமைப் பிரிவில் ‘வெள்ளையர்’ என்ற ஒரு சொல் நுழைக்கப்பட்டது. உறுப்பினராயிருந்த ஸ்டீவன்ஸ், அந்த ஒரு சொல்லுக்காக ஆவணத்தில் கையெழுத்திட மறுத்தார். சொற்களின் எடை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1851 செப்டம்பரில் லங்காஸ்டர் வட்டாரத்துக் கிறிஸ்டியானாவில், தப்பியோடி வந்த தன் அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எசமான் ஒருவர் மோதலில் கொல்லப்பட்டார். ஓடிவந்தவர்களுக்குத் துணைநின்றதாகச் சொல்லி, முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையருக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் ஸ்டீவன்ஸ் இருந்தார். ஜூரர்கள் உள்ளே போய்க் கால்மணி நேரத்தில் திரும்பி வந்து, குற்றவாளி அல்ல என்றார்கள். மற்றவர்கள் மீதான வழக்கும் கலைந்துபோயிற்று.

கேள்வி: இலவசக் கல்விக்கு இவர் செய்தது என்ன? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஈரோடு)

பதில்: 1834-இல் பென்சில்வேனியா பொதுப் பள்ளிகளுக்கான சட்டத்தை இயற்றியது. எல்லாரிடமும் வரி வாங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்துவது அதன் சாரம். அதற்கு முன்பு, கட்டணம் கட்ட இயலாத பெற்றோர் தங்களை ஏழை என்று பதிவு செய்துகொண்டால்தான் பிள்ளைக்கு இலவசப் படிப்பு. அந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தார்கள். புதிய வரி வந்ததும் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த தேர்தலில் அந்தச் சட்டத்தை ஒழிப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர்களே பெரும்பாலும் வென்று வந்தார்கள். மேலவை அதை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியும் விட்டது. ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதி மக்களும் நீக்கச் சொல்லியே அவருக்கு அறிவுறுத்தியிருந்தார்கள்.

1835 ஏப்ரல் 11 அன்று கீழவையில் எழுந்த அவர், பிள்ளை இல்லாத நான் ஏன் பள்ளி வரி கட்ட வேண்டும் என்று கேட்டவரிடம் சிறைச்சாலையைக் காட்டினார். நீர் குற்றம் செய்ததில்லை, செய்யப் போவதுமில்லை, ஆனாலும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் முணுமுணுக்காமல் வரி கட்டுகிறீர். குற்றவாளியைத் தண்டிக்கக் காசு தருகிற நீர், ஒருவன் குற்றவாளியாகாமல் தடுப்பதற்குத் தரமாட்டேன் என்கிறீரே என்பது அவர் வாதத்தின் சாரம். ஏழைகளுக்கென்று தனிப் பள்ளி என்பது ஏழையின் நெற்றியில் முத்திரை குத்துவதாகும் என்றார். உரை முடிந்து வாக்கெடுத்தபோது சபை மனம் மாறியது, சட்டம் பிழைத்தது. ஒரு சட்டமன்ற உரை வாக்குகளைத் திருப்பியதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றை நான் நம்புவதில்லை. இதை நம்புகிறேன், ஏனென்றால் அவர் பேசுவதற்கு முன் கணக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பது ஊரறிந்த செய்தி. தாம் செய்தவற்றுள் பயனுள்ளது எது என்று கேட்டால் முதுமையிலும் அவர் இதையே சொல்வார்.

கேள்வி: இவருடைய நாக்கைப் பற்றி நிறையக் கதைகள் உண்டாமே? ஒன்று சொல்லுங்களேன். (ஒரு வாசகர், சேலம்)

பதில்: இரண்டு சொல்கிறேன். லிங்கன் தம் முதல் போர்த்துறை அமைச்சராக, பென்சில்வேனியாக்காரரான சைமன் கேமரனை நியமித்தபோது, “அவர் திருடுவார் என்றா நினைக்கிறீர்கள்?” என்று ஸ்டீவன்ஸிடம் கேட்டாராம். “பழுக்கக் காய்ந்த அடுப்பை மட்டும் திருட மாட்டார்” என்று பதில் வந்தது. நகைச்சுவையை ரசித்த லிங்கன் அதைக் கேமரனிடமே சொல்லிவிட, அவர் சினந்து மறுப்புக் கேட்டார். ஸ்டீவன்ஸ் லிங்கனிடம் போய், “அடுப்பைத் திருட மாட்டார் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்” என்றார்.

நோயினால் தலைமுடியை இழந்த அவர் பொய்முடி அணிந்திருந்தார். ஆர்வமிக்க பெண்மணி ஒருவர் நினைவாக ஒரு மயிர்க்கற்றை வேண்டுமென்று கேட்டதும், முடி முழுவதையும் கழற்றி அவர் கையில் வைத்தாராம்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஆங்கிலப் படமொன்றில், அடிமை ஒழிப்புத் திருத்தம் நிறைவேற வேண்டும் என்பதற்காக இவர் தம் கொள்கையைச் சபையில் மறைத்துப் பேசுவதாகக் காட்டினார்கள். அது நடந்ததா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பேச்சு நடந்தது, காட்சியில் உள்ள நாடகம் திரைக்காரர்களுடையது. 1865 ஜனவரியில் 13-ஆவது திருத்தம் விவாதத்தில் இருந்தபோது, வெள்ளையரும் கருப்பரும் எல்லா வகையிலும் சமம் என்று நீர் சொல்கிறீர் என எதிர்க்கட்சியார் அவர் வாயைக் கிளறினார்கள். எல்லாவற்றிலும் சமம் என்று தாம் சொல்லவில்லை, சட்டத்தின் முன் சமம் என்றே சொல்வதாக அவர் விடை கொடுத்தார். அதை மறைத்துப் பேசியது என்பதைக்காட்டிலும் அளந்து பேசியது என்பேன். நீதிமன்றத்தில் வழக்குக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே நிரூபிப்பது தேர்ந்த வழக்கறிஞரின் வழக்கம். ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது.

கேள்வி: 14-ஆவது திருத்தத்தில் இவருடைய பங்கு என்ன? நம் 14-ஆவது பிரிவுக்கும் அதற்கும் உள்ள உறவு எண் ஒற்றுமை மட்டும்தானா? (சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், சென்னை)

பதில்: எண் ஒற்றுமை தற்செயல், சொல் ஒற்றுமை தற்செயல் அல்ல. நம் 14-ஆவது பிரிவில் ‘சட்டத்தின் முன் சமம்’, ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பு’ என்று இரண்டு தொடர்கள் இருக்கின்றன. முதல் தொடர் ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்தது. இரண்டாவதை நம் அரசமைப்பு அவை அமெரிக்கத் திருத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அந்தத் தொடரை எழுதியவர் ஸ்டீவன்ஸ் அல்லர், ஒஹையோவைச் சேர்ந்த ஜான் பிங்கம் என்ற இன்னொரு வழக்கறிஞர். ஸ்டீவன்ஸ் செய்தது வேறு: அது சபைக்கு வந்து நிறைவேறுவதற்கான வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வாசல் எது என்று பார்க்க ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய அரசமைப்பின்படி, மாநிலங்களுக்கு எத்தனை இடங்கள் என்று தீர்மானிக்கும்போது அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள். அடிமை முறை ஒழிந்தபின் ஐந்து பேரும் ஐந்து பேராகவே ஆகிவிட்டார்கள். தென்மாநிலங்கள் அவர்களுக்கு வாக்குரிமை தரவில்லை. ஆனால் அவர்களுடைய தலைகளைக் காட்டி வாஷிங்டனில் முன்பைவிடக் கூடுதலான இடங்களைப் பெறவிருந்தன. அந்தக் கூடுதல் 13 இடங்கள் என்று ஸ்டீவன்ஸ் கணக்குச் சொன்னார். கலகம் செய்து தோற்றவர்களுக்குத் தோல்வியே பரிசாகக் கிடைக்கிற விந்தை அது.

1865 டிசம்பர் 4 அன்று சபை கூடியது. லிங்கனுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சனின் தாராளமான மன்னிப்புகளின் நிழலில் தேர்தல் நடத்தியிருந்த தென்மாநிலங்கள், நேற்று வரை கலகப் படையிலும் கலக அரசிலும் பதவி வகித்தவர்கள் பலரையும் உள்ளடக்கிய ஒரு கூட்டத்தை உறுப்பினர்களாக அனுப்பியிருந்தன. சபைச் செயலாளர் எட்வர்ட் மக்பெர்சன் பெயர்ப்பட்டியலைப் படிக்கத் தொடங்கினார். கெட்டிஸ்பர்க்காரர்; ஸ்டீவன்ஸிடம் சட்டம் பயின்றவர். தென்மாநிலங்களின் முறை வந்தபோது அவற்றின் பெயர்களைப் படிக்காமல் தாண்டிப் போனார். டென்னசியிலிருந்து வந்திருந்த ஹொரேஸ் மேனார்ட், போரின்போது வடக்கோடு விசுவாசமாக நின்றவர், எழுந்து பேச முயன்றார். பட்டியலில் பெயர் இல்லாதவரை அழைக்க இயலாது என்று செயலாளர் மறுத்துவிட்டார். கூச்சல் இல்லை, கைகலப்பு இல்லை. ஒரு பட்டியலில் சில பெயர்கள் வாசிக்கப்படவில்லை, அவ்வளவுதான். நாட்டின் அடுத்த சில ஆண்டுகளின் போக்கு அந்தக் காலையில் தீர்மானமாயிற்று. இது ஸ்டீவன்ஸின் ஏற்பாடு என்பதில் அங்கிருந்த யாருக்கும் ஐயமில்லை. நடைமுறை விதி தெரிந்தவன் கொள்கை தெரிந்தவனைவிட ஒரு படி மேலே நிற்கும் தருணங்கள் சட்டமன்றங்களில் உண்டு. இவருக்கு இரண்டும் தெரிந்திருந்தன.

பிறகு இரு அவைகளிலிருந்தும் 15 பேர் கொண்ட மறுசீரமைப்புக் குழு, அதாவது தோற்ற தென்மாநிலங்களை எந்த நிபந்தனைகளோடு மீண்டும் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்யும் குழு, அமைந்தது. ஸ்டீவன்ஸ் அதில் பிரதிநிதிகள் சபைத் தரப்பின் தலைவர். அங்கே உருவான 14-ஆவது திருத்தம், அந்நாட்டில் பிறந்த எவரும் குடிமகனே என்றது. எந்த மாநிலமும் எவருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது என்றது. ஆனால் வாக்குரிமை கொடு என்று சொல்லவில்லை. மறுத்தால் அந்த விகிதத்தில் இடங்கள் குறையும் என்று மட்டும் சொன்னது. ஸ்டீவன்ஸ் விரும்பியது இதுவல்ல.

1866 ஜூன் 13 அன்று இறுதி வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசிய சில வரிகளைத் தமிழில் தருகிறேன். இளமையிலும் முதுமையிலும் தாம் கண்ட கனவைச் சொல்லி, அது கலைந்துவிட்டது என்றார். பழைய கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளை ஒட்டுப்போட்டு நிறைவுகொள்ள வேண்டியிருக்கிறது என்றார். “இவ்வளவு குறையுள்ள ஒன்றை நான் ஏன் ஏற்கிறேன் என்று கேட்கிறீர்களா? நான் தேவதைகளுக்கிடையே வாழவில்லை, மனிதர்களுக்கிடையே வாழ்கிறேன்.” வாக்கு 120-க்கு 32. தேர்வுக்காகப் படிக்கும் நீங்கள் வழக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும்போது, இந்தத் தொடர் குறையுள்ளதென்று அறிந்தே நிறைவேற்றப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். மறு ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, குடியரசுத் தலைவரின் மறுப்பாணையை மீறி நிறைவேறிய மறுசீரமைப்புச் சட்டம், பத்துத் தென்மாநிலங்களை ஐந்து இராணுவ வட்டங்களாக்கிக் கருப்பின ஆண்களுக்கு வாக்குரிமையைக் கொடுத்தது. நாடு முழுவதற்குமான 15-ஆவது திருத்தம் 1870-இல் வந்தபோது அவர் இல்லை.

கேள்வி: ‘நாற்பது ஏக்கர்’ திட்டம் இவருடையதா? தம் தொழிற்சாலையை எரித்த தெற்கின் மீது கொண்ட கோபத்தால்தான் நிலத்தைப் பறிக்கச் சொன்னார் என்கிறார்களே? (ஒரு விவசாயி, தஞ்சாவூர்)

பதில்: நாற்பது ஏக்கர் என்ற அளவு அவருக்கு முன்பே, 1865 ஜனவரியில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் கட்டளையில் வந்துவிட்டது. அந்த நிலங்களையும் ஜான்சன் பழைய எசமான்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் பேசிய ஸ்டீவன்ஸ் அதை ஒரு முழுத் திட்டமாக்கினார். தெற்கில் ஏறத்தாழ 70,000 பெருநிலக்காரர்களிடம் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அதைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற பத்து லட்சம் ஆண்களுக்கு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தால் 4 கோடி ஏக்கர் போகும். எஞ்சியதை விற்றுப் போர்க்கடனைத் தீர்க்கலாம், முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியம் தரலாம் என்பது கணக்கு. உழுபவன் கையில் நிலம் இல்லாவிட்டால் வாக்குச்சீட்டும் எசமான் கைக்கே போய்விடும் என்பது அதன் அடியிலிருந்த எண்ணம். கீழத்தஞ்சையின் பண்ணைகளைப் பார்த்த உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. 1867 மார்ச்சில் மசோதாவாகவும் கொண்டுவந்தார். அவருடைய சொந்தக் கட்சியே திரும்பிப் பார்க்கவில்லை. அடிமை முறையை ஒழிக்கத் துணிந்தவர்களில் பலருக்கும் நிலவுடைமையைத் தொடத் துணிவு வரவில்லை.

கோபக் கதையைப் பொறுத்தவரை, 1863 ஜூன் இறுதியில், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்களுக்கு முன், தெற்குப் படைத் தளபதி ஜூபல் எர்லியின் படை சேம்பர்ஸ்பர்க் அருகிலிருந்த ஸ்டீவன்ஸின் கலிடோனியா இரும்பு ஆலையை எரித்தது உண்மை. அந்த ஆலை அவருக்கு லாபம் தந்ததைவிடக் கடன் தந்ததே அதிகம். செய்தி வந்தபோது, இந்தப் போரில் எல்லாருக்கும் இழப்பு உண்டு, என் பங்குக்காக நான் ஒரு கணமும் வருந்தவில்லை, அடிமை முறையின் சுவடே இல்லாமல் போகுமானால் இது மலிவான விலை என்று எழுதினார். வேலையிழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவவும் ஏற்பாடு செய்தார். மேலும், கலகக்காரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று போரின் தொடக்கத்திலிருந்தே அவர் சொல்லி வந்தவர். எர்லி ஆலையை எரிப்பதற்குக் காட்டிய காரணமே அதுதான். காரணத்தையும் விளைவையும் தலைகீழாக மாட்டிவிட்டார்கள்.

கேள்வி: ஜான்சன் மீதான பதவி நீக்க விசாரணையில் இவர் தோற்றது ஏன்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: போர்த்துறை அமைச்சரை ஜான்சன் நீக்கிய மூன்றாம் நாள், 1868 பிப்ரவரி 24 அன்று, பிரதிநிதிகள் சபை 126-க்கு 47 என்ற கணக்கில் அவர் மீது குற்றம் சுமத்தியது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 36 வாக்குகள். மே 16 அன்று விழுந்தவை 35. வழக்குப் பலவீனமானது என்பது என் கருத்து. அமைச்சரை நீக்கியதைப் பிடித்துக்கொண்டு, உண்மையில் அவர் மறுசீரமைப்பை முடக்கியதற்காகத் தண்டிக்கப் பார்த்தார்கள். அப்போது 76 வயதான ஸ்டீவன்ஸை நாற்காலியில் உட்காரவைத்து இருவர் சபைக்கும் செனட்டுக்கும் தூக்கிச் செல்வார்கள். “நீங்கள் இருவரும் செத்துப் போனால் என்னை யார் தூக்குவார்கள்?” என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டாராம்.

கேள்வி: திருமணம் செய்துகொள்ளாத இவருக்கும், வீட்டைக் கவனித்துக்கொண்ட கருப்பினப் பெண்மணிக்கும் இருந்த உறவு என்ன? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: லிடியா ஹாமில்டன் ஸ்மித் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய வீட்டை நிர்வகித்தார். கணவரைப் பிரிந்து இரண்டு மகன்களோடு வந்தவர், கத்தோலிக்கர், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். எதிரிகளின் செய்தித்தாள்கள் இந்த உறவைப் பற்றி எழுதாத வசை இல்லை. ஸ்டீவன்ஸ் அவற்றுக்குப் பதில் சொல்வதில் தம் நேரத்தைச் செலவிடவில்லை. அந்த நாளில் கருப்பினப் பெண்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். தம் வீட்டுக்கு வருபவர்கள் அவரைத் திருமதி ஸ்மித் என்றே அழைக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். தாழிட்ட கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஆர்வம் எனக்கில்லை. லிடியா அம்மையார் தம்மளவிலேயே எழுதத் தக்கவர். கெட்டிஸ்பர்க் போர் முடிந்ததும் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளில் உணவும் துணியும் திரட்டி, இரு தரப்புக் காயம்பட்ட வீரர்களுக்கும் கொடுத்தார் என்பார்கள். ஸ்டீவன்ஸின் உயிலில் அவருக்கு ஆண்டுக்கு 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000 டாலர் என்று இருந்தது. மொத்தத் தொகையை வாங்கி, அந்த வீட்டையே விலைக்கு வாங்கிக்கொண்டார். அண்மைக்கால அகழாய்வில் அந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு நிலத்தடி நீர்த்தொட்டி கிடைத்தது. தப்பி வந்த அடிமைகளை ஒளித்துவைக்க அது பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: அவருடைய கல்லறை வாசகம் புகழ்பெற்றது என்று கேள்விப்பட்டேன். உயிலில் வேறு என்ன இருந்தது? (ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: 1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் இறந்தார். கருப்பினப் படைவீரர்கள் காவல் நிற்க, அவருடைய உடல் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் வைக்கப்பட்டது. லங்காஸ்டரில் அடக்கத்துக்கு வந்த சுமார் 20,000 பேரில் பாதிப்பேர் கருப்பினத்தவர். அவர் இறந்து சில நாட்களில் நடந்த வேட்பாளர் தேர்விலும் கட்சிக்காரர்கள் அவர் பெயரையே முன்மொழிந்து தேர்ந்தெடுத்தார்கள்.

ஊரின் பெரிய இடுகாடுகள் வெள்ளையர்க்கு மட்டும் என்று விதி வைத்திருந்ததால், அந்த விதி இல்லாத ஒரு சிறிய இடுகாட்டைத் தேடிப் பிடித்திருந்தார். அவரே எழுதிவைத்த வாசகத்தின் கருத்து இது: தனிமையில் எனக்கு இயல்பான விருப்பம் இருந்து நான் இந்த ஒதுக்குப்புறத்தில் உறங்கவில்லை; மற்ற இடுகாடுகள் சாசன விதிகளால் இனத்துக்கு வரம்பு கட்டியிருக்கக் கண்டு, நெடிய வாழ்நாள் முழுவதும் நான் பரிந்து பேசிய கொள்கையை, படைத்தவன் முன் மனிதர் சமம் என்பதை, என் சாவிலும் காட்டுவதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தேன்.

உயிலில், எஞ்சும் சொத்திலிருந்து 50,000 டாலர் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்துக்கு என்று எழுதியிருந்தார். பெற்றோரின் இனமோ மதமோ பார்த்து எவரையும் விலக்கக் கூடாது, நிறம் பாராமல் ஒரே வகுப்பில் கற்பிக்க வேண்டும், ஒரே மேசையில் உணவு பரிமாற வேண்டும் என்பவை நிபந்தனைகள். பந்தி எங்கே பிரிகிறது என்பதை அறிந்த நமக்கு அந்தக் கடைசி நிபந்தனையின் அருமை தெரியும். லங்காஸ்டரில் அவர் பெயரில் இன்று இயங்கும் தொழில்நுட்பக் கல்லூரி அந்த விதையிலிருந்து முளைத்ததே. குடிகாரராயிருந்த சகோதரர் மகனுக்கு, ஐந்து ஆண்டுகள் மதுவைத் தொடாமல் இருந்து காட்டினால் சொத்தில் நான்கில் ஒரு பங்கு என்று ஒரு வரி. தகப்பன் குடித்து ஓடிப்போன வீட்டில் வளர்ந்தவர் எழுதிய வரி அது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கும் முன்னால் வருகிறது. வழக்கறிஞர் தொழிலில் காசு பார்த்ததும் அவர் தாய்க்கு 250 ஏக்கரில் ஒரு பண்ணையும் பதினான்கு கறவை மாடுகளும் வாங்கிக் கொடுத்திருந்தார். அவ்வப்போது ஒரு பொற்காசும் கொடுப்பார். அம்மாள் அதைத் தேவாலயத்து உண்டியலில் போட்டுவிடுவாராம். அப்படிக் கொடுக்க முடிந்ததே தம் வாழ்வின் பெரிய மகிழ்ச்சி என்று சொல்வார். அந்தத் தாய் புதைக்கப்பட்ட பீச்சம் ஊர் இடுகாட்டுக்கு உயிலில் 500 டாலர் எழுதியிருக்கிறார். கல்லறையைச் செப்பமாக வைத்திருப்பதோடு, ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் நான்கு மூலைகளிலும் ரோஜாவும் கண்ணுக்குக் களிப்பூட்டும் வேறு பூச்செடிகளும் வைக்க வேண்டும் என்று இடுகாட்டுக் காவலாளிக்குக் கட்டளை.